ஆசிரியர்கள் தொழிற்பட்டறைக்குப் போய்ப் பாடம் கற்பது எப்படி? திருப்பூரிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

முதல் தடவை நாங்கள் 38 பேர் ஒரே பேருந்தில் போனோம். பெரிய ஏற்றுமதி நிறுவனம், பெயர் வேண்டாம். வாசலில் ஆளுக்கொரு ரோஜா, உள்ளே ஏசி அறை, முக்கால் மணி நேரம் திரையில் கம்பெனியின் வரலாறும் வாங்கிய விருதுகளும். அப்புறம் பஜ்ஜி, காபி. கடைசியில் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் வரிசையாக நடந்து, நூற்றுக்கணக்கான தையல் மெஷின்களைத் தூரத்தில் பார்த்துவிட்டு, படிக்கட்டில் நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

திங்கட்கிழமை வகுப்பில் நான் நடத்திய கணக்கில் ஒரு வரிகூட மாறவில்லை. "பெரிய கம்பெனிப்பா, அத்தனை மெஷின்!" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "எங்கம்மா அங்கதானுங் சார் செக்கிங்" என்றான். அவனுக்குத் தெரிந்த அளவுகூட எனக்கு அந்த இடம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சின்னச் சின்னக் குழுக்களாகப் பல தடவை போய்வந்துவிட்டோம். பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, நிட்டிங் யூனிட், பிரிண்டிங் பட்டறை. சிலது உருப்படியாக அமைந்தது, சிலது வீண். கம்பெனியைச் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள்; ஒரு வேலையைப் பார்க்கப் போங்கள். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் செய்து முடிப்பதற்காகத்தான்.

படி 1: முதலில் பாடம், அப்புறம்தான் இடம்

பெரும்பாலும் நாம் தலைகீழாகச் செய்கிறோம். யாருக்கோ ஒரு மேனேஜரைத் தெரியும், அனுமதி கிடைக்கும் என்பதால் அங்கே போய்விடுகிறோம். பாடப்புத்தகத்தை எடுத்து வையுங்கள். பிள்ளைகள் "இது எதுக்குங் சார்?" என்று கேட்டு நாம் பதில் சொல்லத் திணறிய ஒரு பாடத்தைக் குறியுங்கள். ஒன்று போதும். எட்டாம் வகுப்பு எதிர்விகிதம், ஏழாம் வகுப்பு வட்டத்தின் பரப்பளவு, பத்தாம் வகுப்பு பி.எச். அளவுகோல் என்று எதுவாகவும் இருக்கலாம்.

பிறகு உங்கள் ஊரில் அந்தப் பாடம் யார் கையில் தினமும் புழங்குகிறது என்று தேடுங்கள். திருப்பூரில் எதிர்விகிதத்துக்கு நூல் கடையே போதும். 30-ஆம் கவுண்ட் நூல் என்றால், 840 கஜம் கொண்ட சிட்டங்கள் (நூல் கட்டுகள்) 30 சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு எடை. அதாவது ஒரு பவுண்டு நூலைப் பிரித்து நீட்டினால் 25,200 கஜம், ஏறக்குறைய 23 கிலோமீட்டர். 40-ஆம் கவுண்ட் இன்னும் மெல்லிசு. எண் ஏற ஏற நூல் மெலியும். எட்டாம் வகுப்பில் "எண் பெருசானா பொருள் சிறுசாகும்" என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். அப்பா நிட்டிங்கில் வேலை செய்யும் பிள்ளை முழிக்க மாட்டாள்.

ஊருக்கு ஊர் இது மாறும். கோவை ஃபவுண்டரியில் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மாதிரி, செய்பவரிடம் ஒரு விசித்திரமான ஸ்கேல் இருக்கும். அதில் ஒரு மீட்டர் என்பது நம் மீட்டரைவிடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூடுதல். வார்ப்பிரும்பு ஆறும்போது அந்த அளவு சுருங்கும் என்பதால் சுருக்கத்தை ஸ்கேலிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். சிவகாசி அச்சகத்துக்குப் போனால் காகிதம். ஏ0 தாள் சரியாக ஒரு சதுர மீட்டர், ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம், உள்ள ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். கூட்டுறவுப் பால் சங்கத்தில் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் வைத்துப் பாலுக்கு விலை போடும் கணக்கு. எந்த ஊரும் வெறும் ஊர் இல்லை.

படி 2: ஐந்து பேருக்கு மேல் வேண்டாம்

கட்டிங் டேபிளைச் சுற்றி ஐந்து பேர் நின்றால் எல்லோருக்கும் தெரியும், காதிலும் விழும். எட்டுப் பேர் என்றால் பின்னால் நிற்கும் மூன்று பேர் செல்போனை எடுத்துவிடுவார்கள். கணக்கு, அறிவியல், தமிழ், சமூக அறிவியல் என்று கலந்து போவது நல்லது. எங்களோடு வந்த தமிழாசிரியர் எந்தக் கணக்கையும் குறித்துக்கொள்ளவில்லை; வேலைச் சொற்களை மட்டும் எழுதினார். டயா, லே, மார்க்கர், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங், ஒன்றரை ஷிப்ட் என்று நோட்டில் இரண்டு பக்கம். அதை வைத்து அவர் நடத்திய பிறமொழிச் சொற்கள் பாடம், நான் நடத்திய எந்த வகுப்பையும்விட நன்றாக இருந்தது. கொஞ்சம் பொறாமைதான்.

படி 3: அனுமதி

பள்ளிப் பக்கம் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். வேலை நாளில் போவதென்றால் மேலே கல்வி அலுவலகம் வரை கேட்க வேண்டியிருக்கும். தேவையில்லாத சிக்கல். மே மாத விடுமுறையிலோ தேர்வு விடுமுறையிலோ போய்விடுவது சுலபம்.

கம்பெனிப் பக்கம் அவர்களுடைய பயம் என்னவென்று புரிந்துகொண்டு எழுதினால் கதவு திறக்கும். பையரின் (ஆர்டர் கொடுத்து வாங்குபவரின்) டிசைன் வெளியே போய்விடக் கூடாது, போட்டோ எடுத்துவிடக் கூடாது, யாராவது வந்து குறை கண்டுபிடித்து எழுதிவிடக் கூடாது. எங்கள் கடிதம் இப்படி இருக்கும்:

"எங்கள் பள்ளி ஆசிரியர்கள் 5 பேர் உங்கள் கட்டிங் பிரிவில் 3 மணி நேரம் இருந்து, அங்கே பயன்படும் அளவுகளையும் கணக்குகளையும் கற்க விரும்புகிறோம். மாணவர்கள் யாரும் வர மாட்டார்கள். புகைப்படம் எடுக்க மாட்டோம். விலை, பையர் விவரம் எதுவும் கேட்க மாட்டோம். அனுபவமுள்ள ஒரு தொழிலாளியின் பக்கத்தில் நிற்க அனுமதித்தால் போதும். வரவேற்பு, சிற்றுண்டி ஏற்பாடு எதுவும் வேண்டாம்."

கடைசி வரியை எழுத மறக்காதீர்கள். பஜ்ஜி வந்தால் பின்னாலேயே உரையும் வந்துவிடும்.

நாள் குறிப்பதில் கவனம். திருப்பூரில் பல கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பள நாள். அன்றைக்குப் போனால் யாருக்கும் நம்மோடு பேச மனசு இருக்காது. ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் போகாதீர்கள். "எப்ப வந்தா உங்களுக்குத் தொந்தரவு இருக்காதுங்க?" என்று மேனேஜரிடம் கேட்டுவிட்டு, அதே கேள்வியை கட்டிங் மாஸ்டரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் வேறுவேறாக இருக்கும். மாஸ்டர் சொல்லும் நாளையே எடுங்கள்.

இன்னொன்று: ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தைவிட, 40 பேரோடு மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டில் நிறையக் கற்கலாம். அங்கே ஓனரே கட்டிங் டேபிளில் நிற்பார்.

படி 4: ஒருவர் முன்கூட்டிப் போய்வர வேண்டும்

ஒரு வாரம் முன்பு குழுவில் ஒருவர் அரை மணி நேரம் போய்வரட்டும். எங்கே நிற்கப் போகிறோம், யாரிடம் பேசப் போகிறோம், அவருக்கு நம்மோடு பேசுவதில் சம்மதமா என்பது மூன்றும் அன்றைக்கே தெரிந்துவிடும். பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று தைக்கும் டெய்லரிடம் பத்து நிமிடம் பேசினால் அவருக்குப் பத்து நிமிடக் கூலி போச்சு. அதனால் பீஸ் ரேட் ஆளைத் தொந்தரவு செய்யக் கூடாது. ஷிப்ட் சம்பளத்தில் இருப்பவரிடம்தான் பேச வேண்டும். இது தெரியாமல் ஒரு அக்காவை நாங்கள் கால் மணி நேரம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டோம். சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார். வெளியே வந்த பிறகு இன்னொருவர் சொல்லித்தான் விஷயம் புரிந்தது.

படி 5: அன்றைக்கு

உடை: சேலை முந்தானையைச் செருகி, துப்பட்டாவைக் கட்டி, முடியை முடிந்துகொள்ளுங்கள். சுற்றும் எந்திரம் இருக்கும் இடத்தில் தொங்குவது எதுவும் ஆபத்து. சாயப்பட்டறைக்கு மூடிய செருப்பு. தரை எப்போதும் ஈரம். செல்போன் பையில். கையில் நோட்டு, பென்சில், 30 சென்டிமீட்டர் ஸ்கேல்.

மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி மட்டும் முழு இடத்தையும் சுற்றுங்கள். நூல் உள்ளே வருவதிலிருந்து அட்டைப்பெட்டி வெளியே போவது வரை வரிசை புரிந்தால் போதும். மீதி நேரம் ஒரே இடம். ஒரே ஆள். கால் வலிக்கும், நின்றுதான் ஆக வேண்டும். அவர் தினமும் நிற்கிறார்.

கேட்கக் கூடாத கேள்வி: "உங்க வேலையில கணக்கு எங்கெல்லாம் வருது?" யாரைக் கேட்டாலும் "கணக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங் சார்" என்பார்கள். பள்ளியில் கணக்கு என்று நாம் சொல்லிக்கொடுத்ததற்கும் அவர்கள் செய்வதற்கும் சம்பந்தமில்லை என்று நாமே நம்ப வைத்திருக்கிறோம். இப்படிக் கேளுங்கள்:

"இது தப்பாப் போனா எப்படித் தெரியும்?"
"எவ்வளவு தப்பு வரைக்கும் விடுவீங்க?"
"புதுசா வர்ற பையன் எதுல தடுமாறுவான்?"
"அளக்காமலே கண்ணால சொல்ற விஷயம் ஏதாவது உண்டா?"

இரண்டாவது கேள்வி தங்கம். அதில்தான் சதவீதம், வரம்பு, தோராயம் எல்லாம் வெளியே வரும்.

கட்டிங் டேபிளில் நான் கேட்ட முதல் பதிலே கணக்கு இல்லை. துணி ரோலைப் பிரித்து உதறிப் போட்டிருந்தார்கள், யாரும் தொடவில்லை. "ஏனுங் மாஸ்டர், இது சும்மா கெடக்குது?" என்றேன். "ரோல்ல இறுக்கமாச் சுத்தி வந்துருக்குதுங் சார். மூச்சு விட்டுச் சுருங்கட்டும். இப்பவே வெட்டுனா நாளைக்குச் சைஸ் கொறையும்." அப்புறம் கம்பி வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு வெட்டும் மெஷினை எடுத்தார். அந்தக் கையுறை இடது கைக்கு மட்டும். ஏன் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அந்தக் கைதான் துணியை அழுத்திப் பிடிக்கிறது.

ஒரு வட்டத் துண்டு

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பள்ளியில் நிலைத்த பாடம் இதுதான்.

துணியின் தடிமனைத் திருப்பூரில் ஜிஎஸ்எம் என்ற ஒரே சொல்லில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். ஒரு சதுர மீட்டரை யாரும் வெட்டி எடைபோடுவதில்லை. கைக்கு அடக்கமான வட்டக் கட்டர் இருக்கிறது. ரப்பர் பலகைமேல் துணியை வைத்து, கட்டரை அழுத்தி ஒரு திருகு திருகினால் வட்டமாக ஒரு துண்டு கழன்று வரும். லேபில் இருந்த தம்பி அதைச் சின்னத் தராசில் வைத்தார். 1.83 என்று காட்டியது. "நூத்தி எம்பத்தி மூணு" என்றார்.

"நூறால பெருக்குனீங்களா?"

"பெருக்கலெல்லாம் இல்லீங் சார். புள்ளியைத் தூக்கிட்டுப் படிப்போம்."

புள்ளியைத் தூக்கிவிட்டால் ஏன் சரியாக வருகிறது? அந்த வட்டத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர், அதாவது சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஸ்கேலை வைத்து விட்டத்தை அளந்தோம்; 11.3-க்கு ஒரு மயிரிழை குறைவு. மாலையில் டீக்கடையில் உட்கார்ந்து பை (π) மதிப்பை ஆரமான 5.64-இன் வர்க்கத்தால் பெருக்கினால் 99.93. 11.28 சென்டிமீட்டர் விட்டம் என்று ஒரு கருவி செய்பவன் ஏன் முடிவு செய்தான் என்பது அப்போதுதான் எங்களுக்கே விளங்கியது. வட்டத்தின் பரப்பளவை எத்தனையோ வருடங்களாக நடத்துகிறேன். ஆரம் கொடுத்துப் பரப்பு கேட்பேன், எப்போதாவது பரப்பு கொடுத்து ஆரம் கேட்பேன். ஆரம் ஏன் தேவைப்படுகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அதிலிருந்து அடுத்தது. ஒரு டி-ஷர்ட்டுக்கு உடல் நீளம், கை நீளம், மடிப்பு எல்லாம் சேர்த்து 100 செ.மீ., அகலம் தையலோடு 54 செ.மீ., முன்னும் பின்னுமாக இரண்டு. 100 × 54 × 2 = 10,800 சதுர செ.மீ.; 1.08 சதுர மீட்டர். 180 ஜிஎஸ்எம் துணி என்றால் 194.4 கிராம். ஆர்டர் 10,000 பீஸ். துணி 180-க்குப் பதில் 190 ஆக வந்துவிட்டால்? பீஸுக்கு 10.8 கிராம், மொத்தம் 108 கிலோ துணி கூடுதல். கிலோ விலை என்ன என்று பிள்ளைகளையே வீட்டில் கேட்டுவரச் சொன்னால் போதும், பத்து ஜிஎஸ்எம்முக்கு ஓனர் ஏன் சத்தம் போடுகிறார் என்பது வகுப்புக்கே புரிந்துவிடும்.

சாயப்பட்டறையில் அறிவியல் ஆசிரியருக்குக் கிடைத்தது

இது அவருடைய குறிப்பிலிருந்து. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது இரண்டு விதமான கணக்கு ஒரே சீட்டில் இருக்கிறது. சாயம் துணியின் எடையில் சதவீதம். உப்பும் சோடாவும் தண்ணீருக்கு லிட்டருக்கு இவ்வளவு கிராம். 100 கிலோ துணி, 2 சதவீத ஷேடு என்றால் சாயம் 2 கிலோ. துணிக்கும் தண்ணீருக்கும் 1:6 என்றால் 600 லிட்டர்; உப்பு லிட்டருக்கு 60 கிராம் வீதம் 36 கிலோ. அதே துணியை 1:8-இல் ஓட்டினால் சாயம் அதே 2 கிலோ, உப்பு 48 கிலோ.

உப்பு எதற்கு? தண்ணீரில் துணியும் சாயமும் எதிர்மின் தன்மையோடு ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தைத் துணியின் பக்கம் அனுப்புகிறது. பிறகு சோடா போட்டுக் காரத்தன்மையை ஏற்றினால்தான் சாயம் நாரோடு வேதிப்பிணைப்பு கொள்ளும். வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்குவதில்லை. முழுக்கத் தண்ணீரில். அந்த 36 கிலோ எங்கே போகும்?

நொய்யல் ஆற்றுக்குப் போனது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டபோது ஊரே ஸ்தம்பித்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இன்றைக்குச் சுத்திகரிப்பு நிலையத்தில் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.), பிறகு ஆவியாக்கி, கடைசியில் உப்பைத் திரும்ப எடுக்கும் இடம் வரை நடந்து பார்க்கலாம். கரைசல்கள் பாடத்தை நடத்துபவர் ஆவியாக்கிக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். கரைப்பது சுலபம், கரைத்ததைப் பிரிக்க எவ்வளவு வெப்பம் ஆகிறது என்பது உடம்புக்கே உறைக்கும். சமூக அறிவியல் ஆசிரியருக்கு இதே இடத்தில் ஆறு, தீர்ப்பு, வேலைவாய்ப்பு மூன்றும் கிடைக்கும்.

படி 6: அன்று மாலையே உட்காருங்கள்

வீட்டுக்குப் போய் நாளைக்கு எழுதலாம் என்றால் போச்சு. பக்கத்து டீக்கடையில் ஒரு மணி நேரம். ஒவ்வொருவரும் மூன்றே விஷயம் சொல்ல வேண்டும்: நான் தவறாக நினைத்திருந்தது எது, எந்தப் பாடத்தில் இது பொருந்தும், இன்னும் புரியாதது எது. மூன்றாவதை யாரும் சொல்லவில்லை என்றால் அந்தப் பயணம் சுற்றுலா.

படி 7: ஒரு பாடம், இரண்டு வாரத்துக்குள்

பெரிய திட்டம் போடாதீர்கள். ஒரு பீரியட், ஒரு கணக்கு, கையில் ஒரு பொருள். நாங்கள் வெட்டுத்துணியைத்தான் கொண்டுவந்தோம். கேட்டால் பை நிறையத் தருவார்கள். அட்டையில் 11.28 செ.மீ. வட்டம் வரைந்து, துணியில் வைத்து வெட்டி, ஆய்வகத் தராசில் எடைபோட்டார்கள். கத்தரிக்கோலில் வெட்டியதால் ஒரே துணிக்கு 171-இலிருந்து 189 வரை விதவிதமாக வந்தது. நல்லதாகப் போயிற்று, சராசரி ஏன் எடுக்கிறோம் என்று தனியாக ஒரு பீரியட் கிடைத்தது.

பாடம் நடத்தும்போது குழுவில் இன்னொருவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும். நடத்தியதை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் பத்து நிமிடம் செய்து காட்டுங்கள். போய்வந்த கதை வேண்டாம், பாடத்தை மட்டும்.

ஒரு சங்கடமான விஷயம்

"படிக்கலைன்னா பனியன் கம்பெனிக்குத்தான் போவே." திருப்பூரில் இதைச் சொல்லாத ஆசிரியர் குறைவு. நானும் சொல்லியிருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேரின் அம்மா அப்பா அங்கேதான் என்பது தெரிந்தே. மாஸ்டர் பக்கத்தில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வந்த பிறகு அந்த வாக்கியம் வாயில் வரவில்லை.

அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. பன்னிரண்டு மணி நேர ஒன்றரை ஷிப்ட், நின்று நின்று வீங்கிய கால், சீசன் இல்லாத மாதம் வேலையில்லாமை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கைமடியாக (டெய்லருக்கு உதவியாளாக) போகும் பிள்ளைகளை நமக்கே தெரியும். நம் வருகை "பாருங்க, இங்கயும் கணக்கு இருக்குது, சீக்கிரமே வந்துருங்க" என்ற அழைப்பாக ஆகிவிடக் கூடாது. கூலியையும் நேரத்தையும் பற்றிக் கம்பெனிக்குள் கேட்காதீர்கள், யாராலும் உண்மையாகப் பதில் சொல்ல முடியாது. பெற்றோர் கூட்டத்தில், வீட்டு வாசலில் கேளுங்கள். பள்ளி வயதுப் பிள்ளை வேலையில் இருப்பதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் பேசாமல் வராதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டியது நம் கடமை.

படி 8: திரும்பிப் போங்கள்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நாம் செய்த வினாத்தாளை எடுத்துக்கொண்டு அதே மாஸ்டரிடம் போக வேண்டும். டீ நேரத்தில் போய்க் காட்டினேன். பிள்ளைகள் வரைந்த வட்டங்களைப் பார்த்துச் சிரித்தார். டி-ஷர்ட் கணக்கை நிதானமாகப் படித்தார். கீழே நான், "வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் எனக் கொள்க" என்று எழுதியிருந்தேன்.

"பத்து எதுக்குங் சார்? சட்டைக் கையை இப்படித் தலைகீழாத் திருப்பிப் போட்டா இந்தச் சந்துல உக்காந்துக்கும் பாருங்க" என்று என் பென்சிலை வாங்கி, வினாத்தாளின் ஓரத்திலேயே மார்க்கர், அதாவது துண்டுகளைத் துணிமேல் அடுக்கும் வரைபடம், போட்டுக் காட்டினார். பத்தை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார். "கோடு போட்ட துணின்னா பத்தே ஆகும். எந்தத் துணின்னு நீங்க கேள்வியில சொல்லலையே?"

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை அவர் எட்டாம் வகுப்புக்கு வருகிறார். அரை நாள் ஷிப்ட் சம்பளத்தை நாங்கள் ஐந்து பேரும் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவது என்று பேசியிருக்கிறோம்.